நந்தியாவட்டைப் புழுவை வளர்த்துப் பறக்கவிடும் முறை

புழுவைத் தேடினால் கிடைக்காது. புழுக்கையைத் தேடுங்கள்.

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுப் பின்கட்டு சிமெண்டுத் தரை. அதன் ஓரத்தில் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த நந்தியாவட்டை நிற்கிறது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் பழைய முருங்கையைச் சாய்த்துவிட்டுப் போன இடத்தில், அடுத்த மாதமே என் மாமியார் ஊன்றிய குச்சி அது. சன்னலுக்கு இந்தப் பக்கம் என் தையல் மெஷின், அந்தப் பக்கம் செடி. காலையில் பெருக்கிவிட்ட தரையில் பத்து மணிக்குள் மிளகைச் சிந்தியதுபோல் உருண்டைகள் கிடந்தால் மேலே பெரிய புழு இருக்கிறது என்று பொருள். குனிந்து பாருங்கள். ஆட்டுப் புழுக்கையைச் சின்னதாக்கி நெடுக்கில் வரி கீறியதுபோல் இருக்கும். கடுகளவு என்றால் புழு இன்னும் சின்னது. மிளகை மீறிவிட்டால் விரல் பருமன் வந்தாயிற்று. உருண்டை கிடக்கும் இடத்துக்கு நேர் மேலே நிமிர்ந்தால் நுனி மொட்டையான கிளை ஒன்று தெரியும். அதற்கு இரண்டு மூன்று இலை கீழே, தலைகீழாகத் தொங்கியபடி அவர் இருப்பார்.

‘அவர்’ என்று நான் மரியாதை கொடுப்பது என் மாமியாருக்குப் பிடிக்காது. விடிகாலையில் சாமிக்குப் பூப் பறிக்கப் போகிறவர் அவர்தான். கொம்பு முளைத்த சனியன் என்பார், துடைப்பக்கட்டையால் தட்டிவிட்டுச் செருப்பால் தேய்ப்பார். பல வருஷம் நானும் கூட நின்று தேய்த்தவள்தான். ஒருநாள் விளக்கு வைத்த பிறகு, ஒரு வாடிக்கையாளர் கொடுத்துவிட்டுப் போன பச்சைப் பட்டு ரவிக்கைத் துணியை வெட்டிக்கொண்டிருந்தேன். மேசையில் கிடந்த துண்டு ஒன்றை எடுக்கப் போனேன், துண்டு நடுங்கியது. பாசிப்பச்சையில் வெளிர் ரோசும் வெள்ளையும் லேசான ஊதாவும் பளிங்கு ரேகைபோல் ஓடிய இறக்கை. தோளருகே வெள்ளைப் பொட்டு, அதற்குள் ஒரு கரும்புள்ளி. இறக்கையை ஜெட் விமானம்போல் பின்னுக்குச் சாய்த்து உட்கார்ந்திருந்தது. சாயம் போட்டு எடுக்க முடியாத பச்சை அது. இருபது வருஷமாகத் துணி பார்க்கிறவள் சொல்கிறேன். இறக்கையை விரித்தபோது டேப்பைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். 4 அங்குலத்துக்கு ஒரு நூல் குறைவு. நாங்கள் செருப்பால் தேய்த்துக்கொண்டிருந்தது இதைத்தான் என்று பிறகுதான் தெரிந்தது.

ஆங்கிலத்தில் ஓலியாண்டர் ஹாக் மாத், அறிவியலில் டாஃப்னிஸ் நெரியை. முதலில் பெயர் வைத்தவர் லின்னேயஸ், 1758-இல். நெரியை என்றால் அரளிக்குரியது. தமிழில் விட்டில், அந்துப்பூச்சி என்ற பொதுப்பெயர்கள்தான் உண்டு என்பதால் என் நோட்டில் கொம்புப்புழு என்றே எழுதிவருகிறேன். அரளி, நந்தியாவட்டை இரண்டுமே இதன் தீனி. நித்தியகல்யாணியிலும் இருக்கும். தொட்டியில் பாலைவன ரோஜா வைத்திருப்பவர்கள் அதையும் புரட்டிப் பார்க்கலாம்.

எப்போது தேடுவது? இந்த ஊரில் தளிரை வைத்துத்தான் கணக்கு. கத்திரி வெயிலில் செடி காய்ந்து நிற்கும்போது என் நோட்டில் பக்கம் பக்கமாக வெறுமை. ஆடிக் கடைசியில் சாயங்கால மழை இரண்டு பெய்து நுனி துளிர்த்ததும் முட்டை வந்துவிடும். ஐப்பசியில் அடைமழை ஊற்றும்போது குறைந்து, மார்கழியிலும் தையிலும் மறுபடி வரும். நந்தியாவட்டையை நடுவில் ஒரு தடவை கவாத்து செய்துவிட்டால் மழை இல்லாமலே தளிர் வரும், அதைத் தேடித் தாய்ப்பூச்சியும் வரும்.

முட்டையிலிருந்து தொடங்க முடிந்தால் அதுதான் நல்லது. கசகசாவைவிடச் சற்றே பெரிய, வெளிர்பச்சை உருண்டை. இளம் இலையில் ஒன்றே ஒன்றாக ஒட்டியிருக்கும். இலையோடு கிள்ளி எடுங்கள். நகத்தால் பெயர்க்காதீர்கள். மூன்று நான்கு நாளில் குஞ்சு வெளியே வந்து முதல் வேலையாக முட்டை ஓட்டைத் தின்னும். அப்போது உடம்பு மஞ்சளாக, நூல் மாதிரி இருக்கும். பின்பக்கம் நீளக் கறுப்புக் கொம்பு. இரண்டாம் நாளே பச்சை ஏறிவிடும். பெரிய புழுவாகப் பிடித்துவந்தால் ஓர் ஆபத்து உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

பெட்டிக்குக் காசு செலவழிக்க வேண்டாம். ஒரு கிலோ மிக்சர் வாங்கும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் டப்பா போதும். மூடி வேண்டாம். பாவாடைக்கு வைத்துத் தைக்கும் நெட் துணியில் மிச்சம் இருந்தால் வாயில் போட்டு ரப்பர் பாண்டு மாட்டுங்கள். அடியில் பழைய செய்தித்தாள். ஒரு டப்பாவுக்கு இரண்டு புழுவுக்கு மேல் கூடாது. கூட்டம் சேர்ந்தால் ஈரம் சேரும், ஈரம் சேர்ந்தால் கழிச்சல் வந்து ஒரே ராத்திரியில் எல்லாம் தொங்கிவிடும்.

எறும்பைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். முதல் தடவை டப்பாவை மெஷின் மேசையில் வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் மூன்று குஞ்சும் இல்லை. நெட்டின் ஓரமாக ஒரு சிவப்புக் கோடு மட்டும் ஊர்ந்துகொண்டிருந்தது. சர்க்கரை டப்பாவுக்குச் செய்வதையே செய்யுங்கள். தட்டில் தண்ணீர், நடுவில் கவிழ்த்த கிண்ணம், அதன்மேல் பெட்டி.

தீனியில் பிடிவாதம் காட்டுங்கள். நந்தியாவட்டையில் எடுத்த புழுவுக்கு நந்தியாவட்டை, அரளியில் எடுத்ததற்கு அரளி. நடுவில் மாற்றினால் சில புழு தின்னும், சில பட்டினி கிடந்து சாகும். பரீட்சை வைக்க வேண்டாம். குஞ்சுக்குத் தளிர், வளர்ந்த பிறகு முற்றிய இலை. இலையை ஈரமில்லாமல் துடைத்துப் போடுங்கள். கிளையைத் தண்ணீர் பாட்டிலில் செருகி வைத்தால் வாயைப் பஞ்சால் அடையுங்கள். புழு தண்டு வழியாகவே இறங்கி முங்கிப் போகும். கடைசி ஐந்தாறு நாளில்தான் மொத்தச் சாப்பாட்டில் பெரும்பகுதி போகிறது. அப்போது ஒரு நாள் இலை கொண்டுவர மறந்தால் நீங்கள் வளர்த்தது வீண்.

எங்கள் செடி ஒருமுறை மொட்டையாகிவிட்டது. வெளியே ஒரு கட்டட வளாகத்து வேலியில் தழைத்திருந்ததைக் கேட்டு ஒடித்துவந்தேன். இரண்டு நாள் முன்னால் அங்கே மருந்து அடித்திருந்தார்கள். கேட்டபோது யாரும் சொல்லவில்லை. மதியத்துக்குள் நான்கு புழுவும் பச்சையாக வாந்தியெடுத்து முறுக்கிக்கொண்டு கிடந்தன. அன்றிலிருந்து என் கையால் தண்ணீர் ஊற்றாத செடியிலிருந்து ஓர் இலைகூட எடுப்பதில்லை.

கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தச் செடிகள் எல்லாமே பால் வடிப்பவை. அரளியில் இலை, பூ, பட்டை, வேர் எல்லாம் நஞ்சு, இதயத்தைத் தாக்கும். புழு அதையே தின்று கொழுக்கிறது, நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நந்தியாவட்டைப் பூவைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு என்பதால் அதன் பாலும் நல்லது என்று எண்ணிவிட வேண்டாம். கிளை ஒடித்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே கண்ணைத் தொடுங்கள். குழந்தைகள் இருந்தால் நந்தியாவட்டையோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

புழு நான்கு தடவை சட்டை உரிக்கும். உரிப்பதற்கு முந்தின நாள் அசையாமல் உட்கார்ந்துவிடும், தலை உடம்புக்குப் பொருந்தாமல் சின்னதாகத் தெரியும். செத்துவிட்டது என்று எடுத்து எறியாதீர்கள், தொடவும் தொடாதீர்கள். இலையில் கால்களைப் பட்டுநூலால் பொருத்திக்கொண்டுதான் பழைய தோலிலிருந்து நழுவி வருகிறது. பிய்த்து எடுத்தால் பாதித் தோலோடு மாட்டிக்கொள்ளும். இடம் மாற்ற வேண்டுமானால் இலையோடு வெட்டி மாற்றுங்கள்.

ஒவ்வொரு சட்டைக்கும் உடுப்பு மாறும். கறுத்து நீண்டிருந்த கொம்பு கடைசியில் குட்டையாகி, மஞ்சள் பூத்து, கீழ்நோக்கி வளையும். பக்கவாட்டில் இலை நரம்பு மாதிரி ஒரு வெள்ளைக்கோடு, அதைச் சுற்றி வெள்ளைப் புள்ளி தூவல். கழுத்துக்குப் பின்னால் நீலமும் வெள்ளையுமாய், கறுப்பு விளிம்பு கட்டிய இரண்டு வட்டங்கள். மெல்ல ஊதினால் தலையை உள்ளே இழுத்து முன்னுடம்பைப் புடைக்கும், வட்டங்கள் விழித்துக்கொள்ளும். என் மாமியார் பயந்தது இந்தக் கண்களுக்குத்தான். ஒரு நாள் கூப்பிட்டுக் காட்டினேன்.

“அத்தை, இது கண்ணே இல்லை, வெறும் பொட்டு. அசல் கண் கடுகளவுகூட இருக்காது, தலைக்குக் கீழே இருக்கிறது.”

மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். “பொட்டு வைத்துக்கொண்டு இந்த வேலையா செய்கிறது?” என்றார். அதற்குப் பிறகு மேல் கிளைகள் சாமிக்கு, கீழ்க்கிளை இரண்டு இதற்கு என்று பாகம் பிரித்துவிட்டார்.

என் நோட்டில் சராசரியாக, முட்டையிலிருந்து வந்த பதினேழு பதினெட்டாம் நாளில் புழு 3 அங்குலத்தைத் தாண்டும். அப்புறம் ஒரு சாயங்காலம் தீனியை விட்டுவிட்டு டப்பாவுக்குள் சுற்றிச் சுற்றி ஓடும். முதுகு பச்சை போய்ப் பழுப்பாகக் கருக்கும், புழுக்கை நீர்த்துப்போய் வரும். நோய் என்று பதறாதீர்கள், கூட்டுப்புழுவாகப் போகிறது. செடியில் இருந்தால் இந்நேரம் தரைக்கு இறங்கிச் சருகைத் தேடியிருக்கும். செடியடியைச் சுத்தமாகப் பெருக்கி வைக்கும் வீட்டில் இதற்கு இடமே கிடையாது. எங்கள் சிமெண்டுத் தரையில் எத்தனை புழு இறங்கிக் காக்கைக்குப் போயிற்றோ. இப்போது செடி மூலையில் ஒரு முறச் சருகை அள்ளாமல் விட்டு வைக்கிறேன்.

வேறொரு பெரிய பாத்திரம் எடுங்கள்; பழைய பிளாஸ்டிக் வாளி நல்லது. அடியில் மூன்று விரல் உயரத்துக்குச் சலித்த மண், லேசான ஈரம், அதன்மேல் காய்ந்த இலைகள். புழுவை விட்டுவிட்டு மூடுங்கள். இலைகளை இழுத்து நாலு இழை பட்டுநூலால் சேர்த்து நடுவில் படுத்துக்கொள்ளும். கூடு என்று சொல்லத் தகுதியில்லாத கூடு, அவசரத்தில் போட்ட தையல் மாதிரி இருக்கும். இரண்டு மூன்று நாளில் கடைசித் தோலும் உரியும். உள்ளே வெளிர்பழுப்பில் இரண்டரை அங்குலக் கூட்டுப்புழு. பக்கங்களில் கரும்பொட்டுகள், நெஞ்சில் நாக்கு மடிந்திருக்கும் இடத்தில் ஒரு கறுப்புக் கோடு. ஆர்வத்தில் தோண்டிப் பார்க்கக் கூடாது. ஒருநாள் விட்டு ஒருநாள் மேலே இலேசாகத் தண்ணீர் தெளித்தால் போதும்.

நான் செய்த பெரிய தப்பு அடுத்ததில் நடந்தது. வாளியின் உட்புறம் வழவழப்பு என்பது எனக்குத் தோன்றவே இல்லை. ராத்திரி ஒன்பதரைக்கு வெளியே வந்த பூச்சி, சுருங்கிய இறக்கையோடு சுவரில் ஏறியது. வழுக்கியது. ஏறியது. வழுக்கியது. நான் பார்த்தபோது அது தரையில் கிடந்து கால்களை அடித்துக்கொண்டிருந்தது. பூச்சி எதையாவது பிடித்துத் தொங்கினால்தான் உடம்பிலிருக்கும் நீர் இறக்கைக்குள் இறங்கி விரியும். கொஞ்ச நேரம் கடந்துவிட்டால் எப்படி இருக்கிறதோ அப்படியே காய்ந்துவிடும். கசக்கிப் போட்ட கர்ச்சீப் மாதிரி இரண்டு இறக்கையோடு அது ஐந்து நாள் உயிரோடு இருந்தது. பஞ்சில் தேன்தண்ணீர் வைத்தேன். ஆகவே வாளியின் உட்சுவர் முழுக்கச் சாக்குத் துணியோ முரட்டுக் காடாவோ ஊக்குப் போட்டுத் தொங்கவிடுங்கள், ஒரு கவட்டைக் குச்சியையும் சாய்த்து வையுங்கள். கூடு கட்டின பத்தாம் நாளிலிருந்து தினமும் படுக்கும் முன் ஒருதரம் பாருங்கள். எனக்குப் பெரும்பாலும் பன்னிரண்டாம் நாள். விரிந்ததும் கலங்கிய நீர் கொஞ்சம் பீய்ச்சும். ரத்தம் அல்ல, உள்ளே சேர்ந்த கழிவு.

முன்பு சொன்ன ஆபத்து இதுதான்: சில நேரம் கூட்டிலிருந்து பூச்சி வராமல் ஈ வரும். செடியிலேயே பெரிதான புழுவின் தோலில் அரிசிக் குருணைபோல் வெள்ளையாக ஒட்டியிருந்தால் ஒட்டுண்ணி ஈ முட்டை வைத்துவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். ஒன்றும் செய்வதற்கில்லை. அதுவும் பிழைப்புத்தான்.

வந்த பூச்சியை மறுநாள் அந்திவரை இருட்டான மூலையில் வைத்திருந்து, விளக்கு வைக்கும் நேரத்தில் அந்திமந்தாரையோ மல்லிகையோ இருக்கும் பக்கம் விடுங்கள். உடனே பறக்காது. முதலில் இறக்கையை நடுக்கி நடுக்கி உடம்பைச் சூடாக்கும். என் மெஷினின் மோட்டார் போடும் அதே ர்ர்ர் சத்தம். பிறகு நேராக மேலே எழும்பி, ஓட்டு விளிம்பைத் தாண்டியதும் கண்ணுக்குத் தெரியாது.

அது எங்கே போகிறது என்ற கேள்வி எனக்குத் தூலோனிலிருந்து வந்தது. என் சித்தப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த சொல்தா. அவர் மகள் பிரான்சின் தெற்குக் கரையில் தூலோனில் இருக்கிறாள். ஒரு செப்டம்பரில் போனில் படம் அனுப்பினாள். “அக்கா, எங்கள் குடியிருப்பு வாசலில் அரளி வேலி. அதில் இது என்ன?” பார்த்தால் நம் கொம்புப்புழு, அதே நீலப் பொட்டோடு. அங்கே அதற்கு அரளி ஸ்பிங்ஸ் என்று பெயராம். தலையைத் தூக்கிச் சிலைபோல் இருப்பதால் இந்த இனத்துக்கே எகிப்தின் ஸ்பிங்ஸ் பெயரை வைத்துவிட்டார்கள்.

இந்தப் பூச்சிக்கு நிரந்தர வீடு ஆப்பிரிக்காவும் நம் தெற்காசியாவும்தான். கோடை வந்ததும் ஆப்பிரிக்கப் பக்கமிருந்து மத்தியதரைக் கடலைத் தாண்டித் துருக்கிக்கும் தெற்கு ஐரோப்பாவுக்கும் போகிறது. அபூர்வமாகச் சில வருஷம் இங்கிலாந்துவரைகூடப் போயிருக்கிறது. தூலோனுக்கும் எதிரே அல்ஜீரியக் கரைக்கும் நடுவே 650 கிலோமீட்டருக்கு மேல் கடல். அதைத் தாண்டிப் போய் அங்குள்ள அரளியில் முட்டை வைக்கிறது. குஞ்சு வளர்கிறது, கூடு கட்டுகிறது, அதற்குள் குளிர் வந்துவிடுகிறது. உறைபனியைத் தாங்கும் உடம்பு இதற்குக் கிடையாது. அடுத்த கோடையில் அங்கே தெரிவது மறுபடி தெற்கிலிருந்து போனதுதான். நம் ஊரில் சித்திரையிலும் ஐப்பசியிலும் பகலில் நீலமும் கறுப்புமாய்க் கூட்டமாகப் போகும் பட்டாம்பூச்சிகளை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இது இருட்டில் போவது, போவது யார் கண்ணுக்கும் தெரியாது.

தெரியாததால்தான் நோட்டுப் போடச் சொல்கிறேன். தேதி, செடி, எத்தனை புழு, மழை உண்டா, காற்று எந்தப் பக்கம், அவ்வளவுதான். அமாவாசையை ஒட்டி, காற்றில்லாத புழுக்கமான ராத்திரியில் மாடியில் வெள்ளை வேட்டியைக் கட்டி முன்னால் விளக்குப் போட்டுப் பாருங்கள். எல்இடி பல்புக்குப் பூச்சி அதிகம் மயங்குவதில்லை, பழைய சிஎஃப்எல் இருந்தால் எடுங்கள். வந்ததைப் படம் பிடித்து ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் தேதி, இடத்தோடு போட்டுவிடலாம். ஜூலைக் கடைசியில் உலகம் முழுக்க அந்துப்பூச்சி வாரம் நடக்கும், அப்போது நிறையப் பேர் பார்த்துப் பெயர் சொல்வார்கள். பதினோரு மணிக்கு விளக்கை அணைத்துவிடுங்கள். பூச்சிகளும் வேலைக்குப் போக வேண்டும், பல்லிக்கும் அதற்கு மேல் விருந்து வேண்டாம்.

தூலோன் தங்கைக்கும் போனிலேயே பாடம் நடத்தினேன். மிக்சர் டப்பாவுக்குப் பதில் அங்கே ஷூ பெட்டி, நெட் துணிக்குப் பழைய காலுறை. என்னுடையது பன்னிரண்டு நாளில் வந்தது, அவளுடையது குளிர்ந்த அறையில் இருபத்தாறாம் நாள். அக்டோபர் பாதியாகிவிட்டது. பால்கனிக் கதவைத் திறந்து விட்டாளாம். நேரே கடல் பக்கம் போயிற்று என்றாள். இருட்டில் எந்தப் பக்கம் போனால் என்ன தெரியப் போகிறது என்று நான் கேட்கவில்லை.

“பெட்டியை என்ன செய்வது அக்கா, அடுத்த வருஷமும் வருமா?”

அரளி இருந்தால் பார், அட்டைப் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பிளாஸ்டிக் வாங்கு, ஒவ்வொரு முறையும் வெந்நீரில் கழுவி நல்ல வெயிலில் காயவை என்று பதில் போட்டேன். வெயில் இனி ஏப்ரலில்தான் என்று எழுதியிருந்தாள்.